ஊருக்கு அருகில் மனைப்பிரிவு வருகிறதா? சாலையும் வண்டி நிறுத்தமும் குறித்து ஆட்சேபிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நேற்றுவரை சோளக்காடாகக் கிடந்த நிலத்தில் ஒரு நாள் காலை பொக்லைன் இறங்கும். மறுவாரம் கலர்க் கொடிகளும் வெள்ளையடித்த மனைக்கற்களும் நிற்கும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சைட் பார்க்க வருகிறவர்களின் கார்கள் ஊர்த் திருப்பத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு, எது பின்னால் போவது என்று தெரியாமல் நிற்கும். அப்போதுதான் ஊரில் பேச்சு தொடங்குகிறது. ஆனால் பெரும்பாலும் அதற்குள் வரைபடம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். மனைப்பிரிவு வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீடு கட்ட இடம் தேடுகிறவர்களும் நம்மைப் போன்றவர்கள்தாம். அவர்கள் வந்துபோகும் வழியும் அவர்களுடைய வண்டி நிற்கும் இடமும் நம் தலையில் வந்து விழாதபடி, அனுமதி கிடைப்பதற்கு முன்பே என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்வதே நோக்கம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மனைப்பிரிவுக்குள் போடப்படும் சாலைகளைப் பற்றி விதிகள் நிறையவே பேசுகின்றன. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உள்தெருக்கள் பொதுவாக 7.2 மீட்டர், அதாவது ஏறத்தாழ 23½ அடி அகலத்தில் அமைகின்றன. தெரு நீளமாகவும் மனைகள் மிகுதியாகவும் ஆக, 9 மீட்டர், 12 மீட்டர் என அகலம் கூடுகிறது. ஆகவே மனை பிரித்து விற்கும் புரமோட்டர் காட்டும் வரைபடத்தில் குறை கண்டுபிடிப்பது கடினம். குறை இருப்பது வரைபடத்தின் ஓரத்தில், ‘தற்போதுள்ள சாலை’ என்று எழுதி இரண்டு கோடுகளை அறுத்துவிட்ட இடத்தில்தான். அந்தக் கோடுகளுக்கு அப்பால், பிரதான சாலையிலிருந்து மனைப்பிரிவின் வாசல் வரை உள்ள ஊர்ச்சாலை எப்படி இருக்கிறது என்பதை வரைபடம் காட்டாது. ஆட்சேபனையின் முழு பலமும் அந்த அரை கிலோமீட்டரில் இருக்கிறது.

படி 1: புல எண்ணும் பாதையின் பெயரும்

மனைப்பிரிவின் துண்டுப் பிரசுரத்திலோ விளம்பரப் பலகையிலோ புல எண் (சர்வே எண்) இருக்கும். இல்லாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் தெரிந்துவிடும். அந்த எண்ணைக் கொண்டு தமிழக அரசின் இ-சேவைத் தளத்தில் புலப்படம், அ-பதிவேட்டு விவரம், பட்டா மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிராம வரைபடத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இவற்றில் தேட வேண்டியது நிலத்தின் உரிமையாளர் பெயரை அன்று. மனைப்பிரிவுக்குப் போகும் பாதை எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். சாலை, வண்டிப்பாதை, ஓடை, நத்தம், பட்டா நிலம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் வழக்கு வேறு, தீர்வு வேறு. கொங்குப் பகுதியில் இட்டேரி என்று சொல்கிறோமே, இரண்டு பக்கமும் கிளுவை வேலி நின்ற மண்பாதை, அது பல இடங்களில் பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்காகவே இருக்கும். ஆனால் வேலி நகர்ந்து நகர்ந்து, பதிவேட்டில் உள்ள அகலம் தரையில் இருக்காது. இன்னும் சில இடங்களில் ஊரார் மூன்று தலைமுறையாக நடக்கும் வழி உண்மையில் யாரோ ஒருவரின் பட்டா நிலமாக இருக்கும். அப்படியானால் 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் பொருந்தும். தனியார் நிலத்தில் தடையின்றி, உரிமை பாராட்டி, 20 ஆண்டுகள் நடந்துவந்தவருக்கு வழியுரிமை உண்டு. ஆனால் நடந்துபோகவும் வண்டி ஓட்டவும் இருந்த அந்த உரிமையை எண்பது வீடுகளின் போக்குவரத்துக்கு நீட்டிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. புரமோட்டர் அத்தகைய பாதையை நம்பித் திட்டம் போட்டிருந்தால் உங்கள் முதல் ஆட்சேபனை அதுதான்.

பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்ஸ் கணக்கில் இருக்கலாம். 1 லிங்க்ஸ் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அதை மீட்டர் என்று நினைத்து வாதாடி அலுவலகத்தில் அவமானப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: டேப் பிடித்து அளப்பது

இது மற்ற எல்லாப் படிகளையும்விட முக்கியமானது. எங்கள் ஊரில் முதலில் கொடுத்த மனுவில் நாற்பது கையெழுத்துகள் இருந்தன. ‘போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டு மக்கள் பெரும் துன்பத்துக்கு ஆளாவார்கள்’ என்று எழுதியிருந்தோம். ‘மனு பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரு வரிப் பதிலோடு அது முடிந்தது. இரண்டாவது மனுவில் ஆறு கையெழுத்துகளே இருந்தன. ஆனால் ஒரு கை வரைபடமும் அதில் ஏழு இடங்களின் அகலமும் இருந்தன. மாரியம்மன் கோயில் மதிலுக்கும் எதிரே உள்ள மின்கம்பத்துக்கும் இடையே 3.05 மீட்டர் என்று எழுதியிருந்தோம். பதினைந்து நாளில் ஒருவர் நேரில் வந்து, தம் கையாலேயே டேப்பைப் பிடித்து அதே இடத்தை அளந்துவிட்டுப் போனார்.

30 மீட்டர் டேப் ஒன்றும் இரண்டு ஆட்களும் போதும். பிரதான சாலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு 50 மீட்டருக்கும், மேலும் குறுகலான ஒவ்வோர் இடத்திலும், மூன்று அளவுகளை எழுதுங்கள்: தார் போட்ட அகலம், வண்டி இறங்கி ஏறக்கூடிய மண் ஓரத்தோடு சேர்ந்த அகலம், இருபுறமும் மதில் அல்லது வேலிக்கு இடைப்பட்ட அகலம். இந்த மூன்றும் பெரும்பாலும் வேறுவேறாக இருக்கும். பேச்சில் எல்லோரும் மூன்றாவதைச் சொல்வார்கள். வண்டிக்குக் கிடைப்பது முதலாவதுதான்.

ஒப்பிடுவதற்குச் சில எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு லாரியோ பேருந்தோ 2.6 மீட்டர் அகலம் வரை இருக்கலாம். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் வண்டி ஓடும் பரப்பின் அகலம் பொதுவாக 3.75 மீட்டர். போக்குவரத்து மிகக் குறைவான இடத்தில் 3 மீட்டர். இடைநிலைத் தடம் என்றால் 5.5, இரட்டைத் தடம் என்றால் 7. ஆக, 3.75 மீட்டர் சாலையில் பள்ளி வேனும் எம்-சாண்ட் லாரியும் எதிரெதிரே வந்தால் ஒன்று மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். இறங்க மண் இருக்கிறதா, வடிகால் இருக்கிறதா என்பதே கேள்வி.

திருப்பங்களைத் தனியாகப் பாருங்கள். ஊராட்சிச் சாலை நெடுஞ்சாலையோடு சேரும் இடத்தில், ஓட்டுநரின் கண் உயரமான 1.2 மீட்டரில் நின்றோ உட்கார்ந்தோ இருபுறமும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளக்க வேண்டும். இந்தியச் சாலைகள் பேரவையின் அளவுப்படி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 80 மீட்டரும், 40 கிலோமீட்டர் வேகத்தில் வருவதற்கு 45 மீட்டரும் பார்வைத் தூரம் தேவை. ஒரு டீக்கடைத் தட்டியோ விளம்பரப் பலகையோ அதை 25 மீட்டராகக் குறைத்திருந்தால், ஒரு நாற்காலியைப் போட்டு அதில் உட்கார்ந்தபடி ஒரு புகைப்படம் எடுத்து, தூரத்தை அதன்மேல் எழுதுங்கள்.

படி 3: வண்டிகளை எண்ணுவதும், எண்ணிக்கையை நம்பிக் கெடாமல் இருப்பதும்

காலை 7 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும், வாரத்தில் இரண்டு வேலை நாட்களும் ஒரு ஞாயிறும் எண்ணினால் போதும். மில் பஸ், பள்ளி வேன், பால் வண்டி, கோழித் தீவன லாரி, டிராக்டர், இருசக்கர வண்டி எனப் பிரித்து எழுதுங்கள். இந்தியச் சாலைகள் பேரவையின் முறையில் ஒவ்வொரு வண்டியையும் ஒரு காரோடு ஒப்பிட்டு அலகுகளாக எண்ணுவார்கள்: கார் 1 அலகு, இருசக்கர வண்டி 0.5, லாரியும் பேருந்தும் 3, டிரெய்லர் பூட்டிய டிராக்டர் 4.5.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 80 மனைகள், வீட்டுக்கு இரண்டு பைக், இரண்டு வீட்டுக்கு ஒரு கார் என்று வைத்துக்கொள்வோம். 160 பைக்குகள் நாளுக்கு நான்கு தடவை கடந்தால் 320 அலகுகள். 40 கார்கள் இரண்டு தடவை கடந்தால் 80 அலகுகள். மொத்தம் 400. சமவெளியில் ஒற்றைத் தடச் சாலை நாளொன்றுக்கு 2000 அலகுகள் வரை தாங்கும் என்பது அதே பேரவையின் கணக்கு. அதாவது, ‘சாலை தாங்காது’ என்ற வாதத்தை வைத்தால் அதிகாரி இந்தக் கணக்கைப் போட்டு உங்களை அனுப்பிவிடுவார். நம்மூர் மனுக்களில் பத்துக்கு எட்டு இந்த வாதத்தோடுதான் போகின்றன. நிற்கக்கூடிய வாதம் நாள் மொத்தத்தைப் பற்றியது அன்று. காலை 8.15க்குப் பள்ளி வேனும் மில் பஸ்ஸும் வரும் அதே பத்து நிமிடத்தில், 3.05 மீட்டர் இடுக்கில், எதிரே வருவது தெரியாத திருப்பத்தில் என்ன நடக்கும் என்பதே நிற்கும். எண்ணிக்கையை அதற்குச் சான்றாக மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, வீடு எழும்பும் காலம். 80 மனைகளும் ஒரே ஆண்டில் கட்டப்படுவதில்லை. இன்று நான்கு, அடுத்த ஆண்டு ஆறு என்று செங்கல் லாரியும் ஜல்லி லாரியும் ஆண்டுக்கணக்கில் அந்த ஊர்ச்சாலையில் வந்துகொண்டே இருக்கும். மெல்லிய தார் போட்ட சாலை எண்பதாவது வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடக்கும் வரை நிற்காது. இதைக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

படி 4: வண்டி எங்கே நிற்கும்?

தனி வீடுகளுக்கான மனைப்பிரிவுகளில் இது யாருடைய கேள்வியும் அன்று. ஒவ்வொருவரும் தம் மனைக்குள் நிறுத்திக்கொள்வார்கள் என்பது ஏட்டுக் கணக்கு. ஒரு கார் நிறுத்த 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் வேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. எங்கள் பக்கம் அதிகம் விற்பது 30க்கு 40 அடி, ரெண்டே முக்கால் சென்ட் மனை. அதில் முகப்பில் ஐந்தடி, ஆறடி விட்டு வீடு கட்டினால், போர்ட்டிகோவுக்குத் தனியாக இடம் ஒதுக்காதவரின் கார் தெருவில்தான் நிற்கும். 7.2 மீட்டர் தெருவில் இருபுறமும் வடிகாலுக்கும் மின்கம்பத்துக்கும் சுமார் ஒரு மீட்டர் வீதம் போனால் மீதி 5.2. அதில் ஒரு பக்கம் 1.8 மீட்டர் அகலக் கார் நின்றால் 3.4 மீட்டர் மிஞ்சும். தண்ணீர் லாரி போகலாம். இருபுறமும் கார் நின்றால் 1.6 மீட்டர். ஆம்புலன்ஸ் போகாது.

ஊராரைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தொல்லை வெளியே நிற்கும் வண்டிகள். மனைப்பிரிவின் வாசலில் நான்கு கடை மனைகள் விட்டிருக்கிறார்களா என்று வரைபடத்தில் பாருங்கள். விட்டிருந்தால் அந்தக் கடைகளுக்கு வருபவர்களின் வண்டி ஊராட்சிச் சாலையில்தான் நிற்கும். கடைகளின் முகப்பைச் சாலையிலிருந்து பின்னால் தள்ளி, நிறுத்துமிடத்தைத் தங்கள் மனைக்குள்ளேயே விடச் சொல்லிக் கேட்பது நியாயமானது. ஏற்கெனவே பால் சொசைட்டி, ரேஷன் கடை, கோயில் முன் எத்தனை வண்டிகள் எந்த நேரத்தில் நிற்கின்றன என்பதையும் குறியுங்கள். நோம்பி (ஊர்த் திருவிழா) நாளில் எடுத்த படங்களைத் தனியாக வையுங்கள். சாதாரண நாள் என்று சொல்லி அவற்றைக் கொடுத்தால் நம்பிக்கை போய்விடும்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொது ஒதுக்கிடமாகத் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட வேண்டும். அது பூங்காவுக்கும் விளையாட்டிடத்துக்குமான நிலம். ‘அங்கே கார் நிறுத்திக்கொள்ளலாம்’ என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்க வேண்டாம்.

படி 5: கோப்பைப் பார்ப்பது

மனைப்பிரிவு விண்ணப்பம் குறித்த அறிவிப்பு உங்கள் வீட்டுக் கதவுக்கு வராது. நீங்களாகத்தான் தேடிப் போக வேண்டும். தொழில்நுட்ப அனுமதி நகர் ஊரமைப்பு இயக்ககத்திடம், சென்னைப் பெருநகரப் பகுதியில் என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடம் இருக்கிறது. சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானமாகப் பெற்றுக்கொண்டு இறுதி ஒப்புதல் தருவது ஊராட்சி. இந்த இரண்டு வாசல்களையும் குழப்பிக்கொள்வதால்தான் மனுக்கள் அலைகின்றன.

மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதுங்கள். குறிப்பிட்ட புல எண்ணில் மனைப்பிரிவு விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா, சமர்ப்பிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், தலத்தணிக்கை அறிக்கையின் நகல், அணுகுசாலையின் அகலம் எந்த ஆவணத்தின் அடிப்படையில் எவ்வளவு என்று எடுத்துக்கொள்ளப்பட்டது, வட்டாட்சியர் அறிக்கை, நெடுஞ்சாலையோடு சேருமிடத்துக்குத் தடையின்மைச் சான்று உள்ளதா என்று கேளுங்கள். ‘ஏன் அனுமதி கொடுத்தீர்கள்’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அன்று. 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். இந்த ஒரு மாதத்தை வீணாக்காமல் அளவெடுக்கும் வேலையை அப்போதே முடித்துவிட வேண்டும்.

விற்பனை தொடங்கிவிட்டதென்றால் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தின் தளத்தையும் பாருங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவே கூடாது. பதிவு செய்தவற்றின் விவரங்களை அந்தத் தளத்தில் எவரும் பார்க்கலாம்.

படி 6: ஆட்சேபனை எழுதுவது

இரண்டு பக்கங்களுக்கு மேல் வேண்டாம். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு முகவரியிட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் (கிராம ஊராட்சி), ஊராட்சிகளின் ஆய்வாளராகவும் இருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். பதிவுத் தபாலில் ஒன்று, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் ஒன்று. ஒப்புகைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

‘மேற்படி மனைப்பிரிவுக்கு ஒரே அணுகுசாலையாகக் காட்டப்பட்டுள்ள ஊராட்சிச் சாலை, பிரதான சாலையிலிருந்து 210 மீட்டர் தொலைவில், கோயில் மதிலுக்கும் மின்கம்பத்துக்கும் இடையே 3.05 மீட்டர் அகலமே உடையது. இவ்விடத்தில் எதிர்வரும் வாகனம் 18 மீட்டர் தொலைவில்தான் தெரிகிறது. அளவுகளும் புகைப்படங்களும் இணைக்கப்பட்டுள்ளன. இவ்விடத்தை நேரில் தணிக்கை செய்து, மின்கம்பத்தை இடம் மாற்றுவதையும் மாற்று வழி அமைப்பதையும் அனுமதியின் நிபந்தனைகளாக விதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

இதில் புரமோட்டரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். அவர் யாருடைய ஆள், எந்தக் கட்சி என்பதெல்லாம் டீக்கடையோடு நிற்கட்டும். வீட்டுமனை வந்தால் நிலத்தடி நீர் போய்விடும், ஊர்க் கட்டுப்பாடு கெட்டுவிடும் போன்றவற்றையும் இதே மனுவில் கலக்காதீர்கள். அளந்ததும் அளக்காததும் ஒரே தாளில் இருந்தால், படிக்கிறவர் இரண்டையும் ஒன்றாகத் தள்ளிவிடுவார்.

படி 7: கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாக்கலாம். குறைவெண் வரம்பைக் கவனத்தில் கொள்ளுங்கள். 501 முதல் 3000 பேர் வரையுள்ள ஊராட்சியில் 100 பேரும், 10,000 வரை என்றால் 200 பேரும் கூடியிருக்க வேண்டும். கூட்டம் தொடங்கும் முன்பே பொருளை எழுத்தில் கொடுத்து, தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்ட பிறகே கலைந்து செல்லுங்கள். கைதட்டலோடு முடிந்த தீர்மானங்கள் பல பதிவேட்டில் இருப்பதில்லை.

தீர்மானத்தால் மட்டும் தொழில்நுட்ப அனுமதியைத் தடுத்துவிட முடியாது. ஆனால் தானப்பத்திரத்தை வாங்கப்போவது அதே ஊராட்சி என்பதால், ‘இன்னின்ன வேலைகள் முடிந்த பிறகே சாலைகளை ஏற்பது’ என்ற தீர்மானத்துக்கு எடை உண்டு. தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்தில் இது இன்னும் அவசியம். அவருக்கு அந்தத் திருப்பத்தைத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

படி 8: புரமோட்டரோடு பேசுவது

பேசத்தான் வேண்டும். அனுமதிக்கு முன் அவருக்கு அவசரம் இருக்கும், பின்பு இருக்காது. சாலையை அகலப்படுத்தத் தம் நிலத்தின் முகப்பை ஒட்டி ஒரு துண்டு விட்டுத் தர அவர் எளிதில் ஒப்புக்கொள்வார். ஆனால் அது தம் வாசலுக்கு நேரே மட்டும்தான், ஊருக்குள் இருக்கும் இடுக்கு அப்படியே இருக்கும். ஆகவே மின்கம்பங்களை மாற்றும் மதிப்பீட்டுத் தொகையை அவர் கட்டுவது, வேறொரு பக்கம் இரண்டாவது வழி திறப்பது, எதிரெதிரே வரும் வண்டிகள் ஒதுங்க ஓரிரு இடங்களில் சாலையோரத்தைக் கெட்டிப்படுத்துவது, கட்டுமான லாரிகள் பள்ளி நேரத்தில் வராமல் இருப்பது ஆகியவற்றைக் கேளுங்கள். ஒப்புக்கொண்டதை வரைபடத்திலோ ஊராட்சிக்கு எழுதும் உறுதிக்கடிதத்திலோ சேர்க்கச் சொல்லுங்கள். கோயிலுக்குக் கோபுர விளக்கு, திருவிழாவுக்கு நன்கொடை என்று பேச்சு திரும்பினால், அந்தப் பேச்சை அன்றே முடித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. எங்கள் ஊரில் விளக்கு இன்றும் எரிகிறது, கம்பம் மட்டும் இரண்டரை ஆண்டுகள் கழித்தே நகர்ந்தது.

படி 9: அனுமதி கிடைத்த பின்

ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலோடு ஒரு முறை உள்ளே நடந்து வாருங்கள். தெருக்களின் அகலத்தை அளங்கள். பக்கத்து நிலத்துக்குத் தொடரும்படி விடப்பட்ட சாலையின் முனையில் மதில் எழுப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தானமாகக் கொடுக்கப்பட்ட சாலை பொதுச்சாலை. அதன் வாசலில் கேட் போட்டுக் காவலாளியை நிறுத்தி ஊராரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. மாறுதல் இருந்தால் அளவோடு ஊராட்சிக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பாதைப் புறம்போக்கில் வேலி ஏறியிருந்தால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் வட்டாட்சியரிடம் மனு கொடுத்து, ஆண்டுதோறும் வருவாய்க் கணக்குகளைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்தியிலும் அதே மனுவின் நகலைக் கொடுக்கலாம். உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு கடைசி வழி. அங்கே வழக்கறிஞர் முதலில் கேட்பது, நீங்கள் எந்தத் தேதியில் யாருக்கு என்ன எழுதினீர்கள், அதற்கு என்ன பதில் வந்தது என்பதைத்தான். டேப்பைப் பிடித்த நாளிலிருந்து சேர்த்து வைத்த தாள்களை ஒரே கோப்பில் தேதி வரிசையில் அடுக்கி, அவர் முன்னால் வையுங்கள்.